ராயப்பேட்டை பிரேக் பட்டறை: மேலே வராத பெடல்களுக்குக் கிடைத்த சரியான கண்டறிதல்

மிதித்த பிரேக் பெடலும் கிளட்ச் பெடலும் முழுதாக மேலே வராமல் இறுகிக்கொண்ட என் பழைய ஹேட்ச்பேக் காரை, சென்னை ராயப்பேட்டையில், ஜி.பி. சாலையிலிருந்து நடந்து போகும் தொலைவில் உள்ள ஒரு சிறிய பட்டறையில் கொடுத்துச் சரிசெய்துகொண்டேன். அங்கே பிரேக், கிளட்ச் வேலைகளைத் தவிர வேறு எதையும் எடுத்துக்கொள்வதில்லை. உரிமையாளரும் ஓர் உதவியாளரும் மட்டுமே வேலை பார்க்கிறார்கள். இருக்கிற வாடிக்கையாளர்களுக்கே நேரம் போதாததால் பட்டறையின் பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார்; அதை மதித்துப் பெயரையும் முகவரியையும் இங்கே தவிர்த்திருக்கிறேன். ஆனாலும் அங்கே வேலை நடந்த வரிசையை விரிவாக எழுத விரும்புகிறேன். பெடல் இறுகும் வண்டியை எந்த ஊரில் எந்தப் பட்டறையில் கொடுத்தாலும், உரிமையாளர் எதிர்பார்க்க வேண்டிய தரம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்: எந்த உதிரிப்பாகத்தையும் மாற்றுவதற்கு முன்னால், இறுக்கம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பிரித்துக் காட்ட வேண்டும்.

குறையின் தன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் வண்டியை எடுக்கும்போது பெரிதாக எதுவும் தெரியாது. கிளட்ச் பெடல் மட்டும் காலை எடுத்தபின் சற்றுத் தயங்கி மேலே வரும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடியபின், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல வண்டி கனத்துவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் உருண்டு போக வேண்டிய வண்டி, உடனே வேகம் இழந்து நிற்கும். முன்சக்கரங்களிலிருந்து காந்தல் நாற்றம் வரும். சிக்னலில் அருகே வந்து நின்ற பலர், பிரேக் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருப்பதாகச் சொன்னார்கள். நிழலில் அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் வண்டி மறுபடியும் இலகுவாகிவிடும். இதற்கிடையே, மேடேறும்போது என்ஜின் சத்தம் கூடினாலும் வேகம் அதற்கேற்பக் கூடவில்லை என்ற சந்தேகமும் இருந்தது.

இதே அறிகுறிகளைக் கேட்ட இன்னொரு பட்டறையில், வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரும் போய்விட்டது, என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கிளட்ச் செட்டும் போய்விட்டது என்று முடிவு கட்டி, கூலியோடு சேர்த்து ரூ.17,000-க்கு மேல் மதிப்பீடு எழுதித் தந்தார்கள். அந்த மதிப்பீட்டைத் தந்தவர்களை நேர்மையற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஓடி ஓடிச் சூடானபின் பிரேக் தானாகப் பிடிப்பது மாஸ்டர் சிலிண்டர் கோளாறின் பாடநூல் அறிகுறி. என்ஜின் சத்தம் கூடியும் வேகம் கூடாமல் கிளட்ச் நழுவுவது கிளட்ச் பிளேட் தேய்ந்ததன் அறிகுறி. ஆனால் இரண்டு பெடல்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் கெட்டது ஏன் என்ற கேள்வியை அங்கே யாரும் எழுப்பவில்லை. ராயப்பேட்டைப் பட்டறையில் முதலில் எழுந்த கேள்வியே அதுதான்.

வண்டியை உள்ளே விட்டதும் உரிமையாளர் ஸ்பேனரைக் கையில் எடுக்கவில்லை. கார் வழக்கமாக எங்கே நிற்கும், எவ்வளவு காலம் ஓடாமல் நின்றது, பிரேக் ஆயிலை யாராவது ஊற்றி நிரப்பினார்களா, பெடல்மீது ஏதாவது ஸ்பிரே அடித்தார்களா என்று வரிசையாகக் கேட்டார். திருவான்மியூரில் கடலிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஒரு தெருவில், வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டி என்றதும், “மேட்டை எடுங்க சார், முதல்ல கீழ பாக்கணும்” என்றார். இப்போது பலரும் போட்டுக்கொள்கிற தடிமனான பல அடுக்குத் தரை மேட்தான் என் வண்டியிலும் இருந்தது. அதன் விளிம்பு மடங்கி எழும்பினால் பெடலின் அடிப்பகுதி அதில் சிக்கும். தண்ணீர் பாட்டில் உருண்டு பெடலுக்கடியில் போய் அடைபடுவதும் உண்டு. செலவே இல்லாத இந்தச் சோதனையை முதலில் முடித்துவிடுவது நல்ல பழக்கம். என் வண்டியில் மேட் குற்றவாளி அல்ல. ஆனால் அதைத் தூக்கியபோது அடியிலிருந்த விரிப்பு ஈரமாக இருந்தது. அந்த ஈரத்தை அவர் விரலால் தொட்டு மோந்து பார்த்தார். பிரேக் ஆயிலாக இருந்தால் பெடலுக்குப் பின்னால் ஏதோ ஒரு சீல் கசிகிறது என்று பொருள். வெறும் தண்ணீர் என்றால் விசாரணை வேறு திசையில் போக வேண்டும். அது தண்ணீர்.

அடுத்து அவர் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றி, அதற்குள் இருக்கும் ரப்பர் வளையத்தைப் பார்த்தார். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. பிரேக் அமைப்பில் உள்ள சீல்கள் கிளைக்கால் வகை பிரேக் ஆயிலைத் தாங்கும்படி செய்யப்பட்ட ரப்பர்கள். என்ஜின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ போன்ற பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அவை ஊறி உப்பிவிடும். யாராவது தவறிப்போய் அந்த டப்பாவில் வேறு எண்ணெயை ஊற்றியிருந்தால், முதலில் உப்புவது மூடியின் ரப்பர்தான். பழைய இடத்தில் மறுபடி உட்காராமல் நெளிந்து நிற்கும். அப்படியிருந்தால் மாஸ்டர் சிலிண்டர், கேலிப்பர் (பிரேக் பேடுகளால் சக்கரத்தின் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்), வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் என்று ரப்பர் உள்ள ஒவ்வொன்றையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை. என் வண்டியில் ரப்பர் ஒழுங்காக இருந்தது. பெரிய செலவொன்று தேவையில்லை என்பதை ஒரு மூடியைக் கழற்றியே அவர் உறுதி செய்துவிட்டார்.

அதன்பின் நடந்ததுதான் இந்தப் பட்டறையைப் பற்றிய என் மதிப்புரையின் மையம். உதவியாளர் டாஷ்போர்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு, பிரேக் பெடலையும், மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டரின் தண்டையும் இணைக்கும் பின்னைக் கழற்றினார். இப்போது பெடலுக்கும் பிரேக்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெடல் வெறுமனே தொங்க வேண்டும், விரலால் தட்டினால் ஆட வேண்டும். அது ஆடவில்லை. கையால் அழுத்திய இடத்திலேயே நின்றது. அதேபோல் கிளட்ச் கேபிளின் முனையைப் பெடலிலிருந்து விடுவித்தபோது கிளட்ச் பெடலும் அப்படியே நின்றது. உரிமையாளர் என்னைக் கூப்பிட்டு இரண்டு பெடல்களையும் என் கையாலேயே ஆட்டிப் பார்க்கச் சொன்னார். மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், கேலிப்பர், கேபிள், கிளட்ச் பிளேட் ஆகிய எல்லாவற்றையும் கழித்துவிட்ட பிறகும் இறுக்கம் இருக்கிறது என்றால், அது பெடலிலேயே இருக்கிறது. என் காரில் இரண்டு பெடல்களும் ஒரே பிராக்கெட்டில், ஒரே ஷாஃப்டில் (குறுக்குத் தண்டில்) தொங்குகின்றன. அந்த ஷாஃப்டைக் கழற்றியெடுத்தபோது அது செம்பழுப்பாகத் துருப்பிடித்திருந்தது. அதன்மேல் ஏறியிருந்த நைலான் புஷ்கள் (உறை வளையங்கள்) ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, ஷாஃப்டைக் கவ்விக்கொண்டிருந்தன.

ஒரு ஷாஃப்டின் துரு எப்படி நாலு அடி தள்ளியிருக்கும் சக்கரத்தைச் சூடாக்கும் என்ற என் கேள்விக்கு, அவர் அலமாரியிலிருந்து அறுத்து வைத்த பழைய மாஸ்டர் சிலிண்டர் ஒன்றை எடுத்துக் காட்டி விளக்கினார். மாஸ்டர் சிலிண்டரின் உள்சுவரில், ஆயில் டப்பாவிலிருந்து இறங்கும் மிகச் சிறிய துளை ஒன்று உண்டு. பெடல் முழுதாக மேலே வந்து, உள்ளே உள்ள பிஸ்டன் கடைசிவரை பின்னுக்கு நகர்ந்தால்தான் அந்தத் துளை திறக்கும். பிரேக் பிடித்துச் சூடாகும்போது ஆயில் விரிவடையும். விரிந்த ஆயில் இந்தத் துளை வழியாகத்தான் டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். ஷாஃப்ட் இறுகியதால் பெடல் மேலே வராமல் சிறிது கீழேயே நின்றால், பிஸ்டன் அந்தத் துளையை மூடிக்கொண்டு நிற்கும். அடைபட்ட ஆயில் வெளியேற வழியில்லாமல் பிரேக் பேடுகளை மெல்ல அழுத்தும். அந்த உராய்வில் சூடு கூடும். சூடு கூட ஆயில் மேலும் விரியும். அழுத்தம் இன்னும் ஏறும். ஓட ஓட இழுவை அதிகமாவதற்கும், நிறுத்தி ஆறவிட்டால் தானாகச் சரியாவதற்கும் காரணம் இதுவே. பிரேக் விளக்கு அணையாததும் இதே காரணத்தால்தான்: விளக்கின் சுவிட்சைப் பெடல்தான் அழுத்தி அணைக்கிறது, பெடல் அந்த உயரத்துக்கு வந்து சேரவே இல்லை.

மாஸ்டர் சிலிண்டரைப் புதிதாகப் போட்டிருந்தாலும் இந்தக் குறை அப்படியே இருந்திருக்கும். பெடல் மேலே வராதவரை புதிய சிலிண்டரின் துளையும் மூடியேதான் இருக்கும். பெடல் தண்டுக்கும் பூஸ்டருக்கும் நடுவே இருக்க வேண்டிய சிறு விளையாட்டை, அதாவது எதையும் தள்ளாமல் நகரும் இடைவெளியை, பிரேக் நன்றாகப் பிடிக்கட்டும் என்று யாராவது நட்டைத் திருகி இல்லாமல் செய்துவிட்டாலும் இதே விளைவுதான் வரும் என்றும் அவர் சொன்னார். பிரேக் விளக்கு சுவிட்சை அளவுக்கு மீறி உள்ளே தள்ளி மாட்டினாலும் பெடல் முழுதாக மேலே வராது. ஷாஃப்ட் இறுகுவது, விளையாட்டு இல்லாமல் போவது, சுவிட்ச் தள்ளி மாட்டப்படுவது ஆகிய இந்த மூன்றில் எதற்கும் விலையுயர்ந்த உதிரிப்பாகம் தேவைப்படாது. மூன்றும் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தக்கூடியவை.

ஷாஃப்ட் அகப்பட்டதோடு வேலை முடிந்துவிட்டதாக அவர் கருதவில்லை. நான்கு சக்கரங்களையும் ஜாக்கியில் தூக்கி ஒவ்வொன்றாகக் கையால் சுழற்றினார். முன்பக்க இடது சக்கரம் பெடல் தொடர்பைக் கழற்றிய பிறகும் இறுக்கமாகவே சுழன்றது. அங்கே அவர் பின்பற்றிய முறை மிகத் தெளிவானது. ஒரு சக்கரம் இறுகி நிற்கும்போது கேலிப்பரில் உள்ள ஏர் நிப்பிளை (ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் சிறு திருகை) சிறிது திறக்க வேண்டும். ஆயில் பீறிட்டுச் சக்கரம் உடனே இலகுவானால், எங்கோ அழுத்தம் அடைபட்டிருக்கிறது. அப்போது மேலே மாஸ்டர் சிலிண்டரில் குழாய் இணைப்பைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். அங்கே தளர்த்தியதும் இலகுவானால் கோளாறு சிலிண்டரிலோ அதற்கும் மேலே பெடல் பக்கமோ இருக்கிறது. அங்கே தளர்த்தியும் விடாமல், சக்கரத்து நிப்பிளைத் திறந்தால் மட்டும் விடுகிறது என்றால் நடுவில் உள்ள ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி அடைத்துக்கொண்டிருக்கிறது. வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும் பழைய ஹோஸ், மிதிக்கும்போது ஆயிலை உள்ளே விட்டுத் திரும்பும்போது விடாமல் போவது பழைய வண்டிகளில் அடிக்கடி நடப்பது. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் இறுக்கமாகவே இருந்தால் அழுத்தத்துக்கு இதில் பங்கில்லை. கேலிப்பரே துருவிலோ அழுக்கிலோ சிக்கியிருக்கிறது.

என் வண்டியில் இந்தக் கடைசி வகை. கேலிப்பர் நகர்ந்து திரும்ப உதவும் இரண்டு ஸ்லைடு பின்களில் கீழேயுள்ளது அசையவே இல்லை. முன்பு எப்போதோ சர்வீஸ் செய்தவர்கள் அதற்குச் சாதாரண சேஸிஸ் கிரீஸைத் தடவியிருந்தார்கள். பெட்ரோலிய கிரீஸ் பட்டுப் பின்னின் ரப்பர் உறை ஊறித் தடித்திருந்தது. உட்புற பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருக்க, வெளிப்புற பேட் அவ்வளவாகத் தேயாமல் இருந்ததைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இந்த ஏற்றத்தாழ்வைப் பார்த்தாலே ஸ்லைடு பின் சிக்கியிருப்பது தெரிந்துவிடும் என்கிறார். பழைய பின்களைத் துடைத்து, உறைகளைப் புதிதாகப் போட்டு, பிரேக்குக்கென்றே வரும் சிலிகோன் கிரீஸை மெல்லியதாகத் தடவினார். பேடுகளை இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்றினார். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

பிரேக் ஆயிலை மாற்றுவதில் அவர் காட்டிய கண்டிப்பைப் பாராட்ட வேண்டும். கிளைக்கால் வகை ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். டாட் 3 (பிரேக் ஆயிலின் ஒரு தரக் குறியீடு) ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது, ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் கலந்த நிலையில் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்குகிறது. டாட் 4-க்கு அந்த எண்கள் 230, 155. கடலோரக் காற்றில் ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்ட ஆயில், சமவெளியில் நகரத்துக்குள் ஓடும்வரை தன் பலவீனத்தைக் காட்டாது. 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைப் பாதையில் இறங்கும்போது, அதுவும் ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருக்கும் ஒரு கேலிப்பரோடு இறங்கும்போது, அந்த ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகும். குமிழி அமுங்குமே தவிர அழுத்தத்தைக் கடத்தாது. பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. பெடல் மேலே வராததைச் சிறு தொந்தரவு என்று எண்ணி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் என் வண்டிக்கு, அதன் மூடியில் அச்சிட்டிருந்த டாட் 3 தரத்திலேயே, சீல் உடைக்காத சிறு டின்னை என் கண்முன் திறந்து ஊற்றினார். நாள்கணக்கில் திறந்து கிடக்கும் பெரிய டின்னிலிருந்து ஊற்றும் பட்டறைகள் நிறைய உள்ளன; உரிமையாளர் அருகில் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. ஒவ்வொரு சக்கரமாக ஏர் எடுத்து, குழாயில் தெளிந்த ஆயில் வரும்வரை பழையதை வெளியேற்றினார். வெளியே வந்தது டீ டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது.

கிளட்ச் பக்கம் வேலை குறைவு. கேபிளின் மறுமுனையை கியர்பாக்ஸ் லீவரிலிருந்து விடுவித்து, லீவரைக் கையால் அசைத்து, அது தானாகத் திரும்புகிறது என்பதை உறுதி செய்தார். கேபிளின் உள்கம்பியை இழுத்துப் பார்த்ததில் சற்றுக் கரகரப்பு இருந்தாலும் இழைகள் அறுந்திருக்கவில்லை. புதிய புஷ்களோடு ஷாஃப்ட் மாட்டிய பிறகு பெடலின் விளையாட்டை ஏறத்தாழ 2 சென்டிமீட்டருக்கு அமைத்தார். பிறகு சமதளச் சாலையில், மேல் கியரில் குறைந்த வேகத்தில் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை நன்றாக மிதிக்கச் சொன்னார். என்ஜின் வேகம் மட்டும் துள்ளி ஏறி வண்டியின் வேகம் பின்தங்கினால் பிளேட் நழுவுகிறது என்று பொருள். அப்படி எதுவும் நடக்கவில்லை. பெடல் பாதியில் நின்றபோது கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், பிளேட்டை இறுகப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை ஓயாமல் அழுத்திக்கொண்டிருந்ததால்தான் கிளட்ச் நழுவியது. பெடல் விடுபட்டதும் பிளேட் முழுதாகப் பிடிக்கிறது. கிளட்ச் செட்டை மாற்றத் தேவையில்லை என்று அவர் சொன்னபோது, அந்த வேலையால் கிடைக்கக்கூடிய கூலியையும் சேர்த்தே விட்டுக்கொடுக்கிறார் என்பதை நான் உணர்ந்தேன்.

கேபிள் இல்லாமல் ஆயிலில் இயங்கும் கிளட்ச் உள்ள வண்டிக்காரர்களுக்காக அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்க்கிறேன். அவற்றில் பெடல் தரையிலேயே படுத்துக்கொள்வதும், கால் நுனியால் தூக்கிவிட்டால் மறுபடி ஒன்றிரண்டு மிதிக்கு வேலை செய்வதும் பெரும்பாலும் காற்றுப் புகுந்ததையோ சீல் கசிவதையோ காட்டும். பெடலுக்கு மேலே, தண்டு உள்ளே நுழையும் இடத்தில் விரல் வைத்து ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. பல வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே ஆயில் டப்பா என்பதால், கிளட்ச் கசிவால் டப்பாவின் அளவு இறங்கும்போது பிரேக்கையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். ஆயில் அழுத்தத்தால் கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு வெளியே இருந்தால் வேலை எளிது. ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்து உள்ளே இருந்தால் கியர்பாக்ஸை இறக்காமல் கை வைக்க முடியாது, ஆகவே அதை இறக்கச் சம்மதிக்கும் முன் வெளியே கசிவு எங்குமில்லை என்பதைக் காட்டச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்ற வண்டிகள் அவரிடம் வந்தபோது, பெடல் நன்றாக இறங்கி ஏறியும் கியர் விழாமல் இருந்ததாகச் சொன்னார். கிளட்ச் பிளேட் துருவால் என்ஜினோடு சுழலும் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்டிருந்ததே காரணம். பின்சக்கர பிரேக் டிரம்மில் பிரேக் ஷூ ஒட்டிக்கொள்வதும் அதே போன்றது. ஈரத்தில் நிற்கப்போகும் வண்டிக்கு ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுப் போகாமல், சமதளத்தில் முதல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது நல்லது என்கிறார்.

துருவைத் துடைத்துப் புஷ்ஷை மாற்றியதோடு அனுப்பியிருந்தால் அடுத்த மழைக்காலத்தில் நான் மீண்டும் அங்கே நின்றிருப்பேன். விரிப்பு ஈரமானது எப்படி என்பதையும் அவர் தேடினார். முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் தண்டுகள் இருக்கும் பள்ளத்தில் வேப்பிலைச் சருகு மக்கி, மழைநீர் வடியும் துளையை அடைத்திருந்தது. நிரம்பிய தண்ணீர் ஓட்டுநர் பக்கம் உள்ளே வழிந்து பெடல் பிராக்கெட்டின் மேல் சொட்டியிருக்கிறது. சருகை அள்ளியெடுத்து, ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, அது சக்கரத்துக்குப் பின்னால் வடிகிறதா என்று பார்த்தபிறகே முடித்தார். துருநீக்கும் ஸ்பிரேயைப் பெடல் புஷ்ஷில் அடிப்பதைப் பற்றி அவருக்கு நல்ல கருத்தில்லை. அது இருக்கிற கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும், சில நாள் இலகுவாக இருந்துவிட்டு முன்னைவிட மோசமாக இறுகும், பெடல் ரப்பரில் வழிந்தால் கால் வழுக்கும் என்றார். பெடல் வேலைக்குச் சரியான தீர்வு கழற்றி, துடைத்து, கிரீஸ் வைத்து மாட்டுவதுதான்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, சோதனைக்கு என்று ரூ.500 தனியாகக் கேட்கிறார். வேலையை அங்கேயே செய்தால் அதை மொத்தத்தில் கழித்துக்கொள்கிறார். இந்த முறையை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். சோதனைக்குக் காசு தர மறுக்கும் வாடிக்கையாளர், அந்தக் காசைத் தேவையற்ற உதிரிப்பாகத்தில் கொடுத்துவிடுகிறார். புஷ்கள், ஷாஃப்டை லேத்தில் கொடுத்துத் தேய்த்த கூலி, முன்சக்கர பேடுகள், ஸ்லைடு பின் உறைகள், ஆயில், வேலைக்கூலி எல்லாம் சேர்த்து ரூ.4,000-க்குச் சற்றுக் குறைவாகவே ஆனது. உதிரிப்பாகங்களை ஜி.பி. சாலைக் கடைகளில் வாங்கி, கடை ரசீதையும் கழற்றிய பழைய பாகங்களையும் என்னிடம் கொடுத்தார். 1962-இல் பாடியில் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா போன்ற பிரேக் தயாரிப்பாளர்கள் உள்ள ஊர் இது. நம்பகமான பாகங்கள் எளிதில் கிடைக்கின்றன, அவற்றைப் போன்ற உறையில் போலிகளும் வருவதால் ரசீது அவசியம். அருகிலேயே புதுப்பேட்டையில் பழைய பாகங்கள் மலிவாகக் கிடைக்குமே என்று கேட்டதற்கு, கதவு, கண்ணாடி, பெடல் பிராக்கெட் வரை அங்கே வாங்கலாம், ரப்பர் உள்ள பிரேக் பாகம் எதையும் பழையதாக வாங்கவே கூடாது என்று பதில் வந்தது. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

குறைகளும் உண்டு, அவற்றில் ஒன்று முக்கியமானது. கழற்றிய பிரேக் பாகங்களின் தூசியை உதவியாளர் கம்ப்ரஸர் காற்றால் ஊதித்தள்ளுகிறார், முகத்தில் துணிகூடக் கட்டுவதில்லை. பிரேக் தூசி நுரையீரலுக்குக் கேடானது. பழைய பேடுகளிலும் ஷூக்களிலும் கல்நார் (அஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கவும் கூடும். ஈரத்துணியாலோ பிரேக் கிளீனராலோ துடைத்தெடுப்பது அந்த இளைஞருக்கும், அருகில் நிற்கும் வாடிக்கையாளருக்கும் நல்லது. இதை உரிமையாளரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார், ஆனால் நான் இருக்கும்வரை பழக்கம் மாறவில்லை. சக்கர நட்டுகளைக் கை அளவிலேயே இறுக்குகிறார்கள், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் பயன்படுத்துவதில்லை. செய்த வேலையை எழுதித் தரும் வழக்கமும் இல்லை. நான் கேட்டபிறகு ஒரு துண்டுத்தாளில் ஆயில் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் குறித்துக் கொடுத்தார். உட்கார இடமில்லை, வண்டியைத் தெருவோரம் நிறுத்தியே வேலை நடக்கிறது, முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போகாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரிவது போன்ற மின்னணுக் கோளாறுகளுக்கு இந்தப் பட்டறை ஏற்றதல்ல; அதற்கான கருவி அவரிடம் இல்லை, இருப்பதாக நடிக்கவும் இல்லை.

இப்போது இரண்டு பெடல்களும் காலை எடுத்த உடனே மேலே வந்துவிடுகின்றன, பிரேக் விளக்கு அணைகிறது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம்வரை ஓட்டிவிட்டு இறங்கி முன்சக்கரங்களுக்கு அருகே கை வைத்துப் பார்த்தால் இரண்டிலும் ஒரே அளவு இளஞ்சூடுதான் இருக்கிறது. கரகரப்புள்ள கிளட்ச் கேபிளை அடுத்த ஆயில் சர்வீஸோடு மாற்றிவிடச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் பெடல் மீண்டும் தயங்கினால், கேபிளைக் கழற்றிவிட்டுப் பெடலை ஆட்டிப் பார்த்தபிறகே தன்னைக் கூப்பிடச் சொன்னார்.